ஏன் நின்னுச்சுன்னு தெரியணும்

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவள் ஆபாதான். உருது பேசும் வீடுகளில் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த ஜவுளிக்கடை முதலாளிகளும் ஆபா என்றே கூப்பிட்டார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து வரும் மாமி ஒருவர் அதுதான் அவள் பெயர் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். "ஆபா! எத்தனை சின்னப் பேர், கூப்பிடவே நன்னாயிருக்கு" என்று ஒருநாள் சொன்னார். நான் திருத்தப் போனேன். ஆபா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். மாமி போன பிறகு, "ஆசையா கூப்புடுறாங்க, இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். எதையும் சும்மா விடாதவள் சும்மா விட்ட ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. சின்ன காஞ்சிபுரம் போகிற வழியில் ஒரு குறுக்குத் தெரு. இரண்டு பக்கமும் தறி ஓடும் வீடுகள், நடுவில் ஆபாவின் வீடு. வாசல் அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பட்டுச்சேலைகளுக்கு டிசைன் போட்டுத் தந்தாள். அதற்கு முன்பெல்லாம் கட்டம் போட்ட பெரிய தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் தீட்டித்தான் டிசைன் எழுதுவார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் அந்த வேலை திரைக்கு மாறியது. என் சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நான் அவளிடம் வேலைக்குச் சேர்ந்தேன். என் பிறந்த வீட்டில் தறி உண்டு. எந்த இழை தூக்கினால் எந்தப் பூ விழும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவளுக்கு ஒரே மகள். கணவர் வளைகுடா நாட்டில் ஏசி மெக்கானிக்.

எது நின்றுபோனாலும் ஆபாவுக்கு ஒரே பேச்சுதான். "ஏன் நின்னுச்சுன்னு தெரியணும்." மிக்ஸி நின்றால் நாமெல்லாம் ஒரு தட்டுத் தட்டுவோம், ஓடிவிட்டால் சந்தோஷம். ஆபா நம் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"தட்டாதமா! தட்டினா ஓடிடும். அப்புறம் ஏன் நின்னுச்சுன்னு தெரியாமலே போயிடும்."

"ஓடுறதுதான ஆபா நமக்கு வேணும்?"

நான் ஏதோ கூசாமல் பொய் சொல்லிவிட்டதுபோல என்னைப் பார்ப்பாள்.

இன்னொரு பேச்சும் உண்டு. "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டு மாத்தினா எதுனால சரியாச்சுன்னு எப்டி தெரியும்?" ஒருமுறை அவள் வைத்த தால்ச்சா, கறி போட்ட பருப்புக் குழம்பு, அவள் அம்மா வைப்பதுபோல வரவில்லை. மறுநாள் பருப்பை மட்டும் மாற்றினாள். அதற்கு மறுநாள் புளியை. பிறகு பாத்திரத்தை. அவள் மகள் பள்ளிக்கூடப் பையோடு என்னிடம் வந்து, "ஆன்ட்டி, உங்க வூட்டுல இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டது. கடைசியில் கறியை எப்போது போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அன்று தால்ச்சாவை அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. காரணம் தெரிந்துவிட்டது, அதோடு அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இன்னொன்றை அப்படிச் சொல்ல முடியவில்லை.

முசரவாக்கத்தில் ஒரு தறியில் நாங்கள் போட்டுக்கொடுத்த கிளி பார்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாதிச் சேலை நெய்த பிறகுதான் கவனித்தார்கள், ஒரு கிளிக்கும் கண் இல்லை. கடை முதலாளி நெசவாளி மேல் பாய்ந்தார். நெசவாளி எங்களைக் கை காட்டினார். ஆபா என்னையும் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனாள். முதலில் எங்கள் டிசைனைப் பார்த்தாள், கண் இருந்தது. பிறகு தறியின் மேலே ஏறி, ஒவ்வொரு கொக்கியாகத் தூக்கிப் பார்த்தாள், சரியாகத் தூக்கியது. அப்புறம் அட்டைகளைப் பார்த்தாள். டிசைனைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடித்துத் தர டவுனில் ஒரு பெரியவர் இருந்தார். அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் தறி இழையைத் தூக்கும். கண் விழ வேண்டிய இடத்தில் அட்டையில் ஓட்டையே இல்லை.

"இங்கதான் இருக்குது தப்பு" என்று முதலாளி முன்னாலேயே அட்டையைத் தூக்கிக் காட்டினாள். நெசவாளி தப்பித்தார். அட்டை அடித்த பெரியவருக்கு அந்தக் கடை வேலை போய்விட்டது.

திரும்பி வரும்போது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஏன் ஆபா அப்டி பட்டுனு சொல்லிட்ட? அவரு பாவம் இல்லியா?"

"தப்பு எங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். சொல்லலன்னா அந்த நெசவுக்காரருதான பாவம்?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே, "ஆனா அவரு ஏன் அந்த ஓட்டைய உட்டாரு? இத்தினி வருஷமா அடிக்கிறவரு" என்றாள். மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போய் நின்றாள். விரலைக் காட்டி எண்ணச் சொன்னாள். இரண்டு கண்ணிலும் புரை. யார் யாரையோ பிடித்து, இலவச முகாமில் சேர்த்து, ஆபரேஷன் முடியும்வரை கூடவே இருந்தாள். பெரியவருக்குப் பார்வை வந்தது. வேலை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் ஆபாவோடு பேசவும் இல்லை. தெருவில் எதிரில் வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவார். நல்ல பார்வை வந்ததால் தூரத்திலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஆபாவுக்கு அது புரியவே இல்லை. "கண்ணு சரியாயிடுச்சே, அப்புறம் ஏன் பேசல?" என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் கம்ப்யூட்டரை அவளே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தவள். சென்னை ரிச்சி தெருவுக்கு புர்கா போட்டுக்கொண்டு தனியாகப் போவாள். கடைக்காரர்கள் அவளுக்குப் பின்னால் யாராவது ஆண்பிள்ளை வருகிறாரா என்று பார்ப்பார்களாம். கம்பெனி நிர்ணயித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் அந்த மிஷினை அவள் ஓட்டினாள். ஓவர்கிளாக் என்பாள். வேகம் கூட்டினால் உள்ளே இருக்கும் ப்ராசஸர் அதிகமாகச் சூடாகும். அந்தச் சூட்டை அகற்றிவிட்டால் போதும், ஓடும் என்பது அவள் கணக்கு. அதற்காக ப்ராசஸர் தலையில் ஒரு சின்ன ஃபேன் வைத்திருந்தாள். சின்னது என்று பெயர்தான். சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் யாரோ விடாமல் விசில் ஊதுவதுபோல இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. ஒரு முந்தானை முழுவதற்கும் நெசவுக் கட்டு, எந்த இழை மேலே எந்த இழை கீழே என்ற கணக்கு, நிரப்பச் சொன்னால் மற்ற இடங்களில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். இங்கே டீ குடிப்பதற்குள் முடிந்திருக்கும்.

அந்த வருடம் கோடை ஆரம்பிக்கும்போது ஆபாவின் கணவர் திரும்பி வந்தார். சொல்லாமல் வந்தார். ஒப்பந்தம் முடியவில்லை, லீவும் இல்லை. கையில் ஒரே ஒரு பை. முன்பு வரும்போதெல்லாம் பெட்டி பெட்டியாக வரும், எனக்குக்கூட சென்ட் பாட்டில் உண்டு. "நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்தவர் மூன்று நாளைக்கு அந்த அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை.

நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர். கலகலப்பாகப் பேசக்கூடியவர். இப்போது சத்தம் என்றால் அவருக்கு ஆகவில்லை. மிக்ஸி போட்டால் எழுந்து கொல்லைக்குப் போனார். எங்கள் தெருவில் தறிச் சத்தம் எப்போதும் இருப்பதுதான், அதைத் தாங்கிக்கொண்டார். ஆனால் கம்ப்யூட்டரை ஆன் செய்து அந்த ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் சுவர் ஓரமாகத் திரும்பிப் படுத்துக் காதைப் பொத்திக்கொள்வார்.

"ஏன் வந்துட்டீங்க?" என்று ஆபா கேட்டாள்.

"சும்மா."

சும்மா என்ற பதிலை ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆளா அவள்? வேளைக்கு வேளை கேட்டாள். அங்கே சண்டையா? சம்பளம் தரவில்லையா? உடம்புக்கு ஏதாவதா? அவர் கண்ணை மூடிக்கொள்வார். டாக்டரிடம் கூட்டிப்போனாள். தர்காவுக்குக் கூட்டிப்போனாள். ஒரு வாரம் சாப்பாட்டை மாற்றினாள். ஒரு வாரம் படுக்கையை வேறு அறைக்கு மாற்றினாள். அடுத்த வாரம் மகளைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பினாள்.

"பொண்ணு என்ன ஆபா பண்ணுச்சு?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணல. ஆனா அவ இருந்தா தூக்கம் வரலியோ இன்னாவோ. பாத்துட்டா தெரிஞ்சிடும்ல?"

குழந்தை ஆட்டோவில் ஏறும்போது அழுதுகொண்டே, "நான் சத்தமே போட மாட்டேம்மா" என்றது. ஆபாவுக்கும் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் அனுப்பினாள். அந்த வாரமும் அவர் தூங்கவில்லை. மகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தை தன் அப்பா இருந்த அறை வாசல்வரை போய், உள்ளே போகாமல் திரும்பி வந்தது.

அப்புறம்தான் ஃபேனை மாற்றுவது என்று முடிவெடுத்தாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, "தண்ணியில கூல் பண்ணலாம்மா, சத்தமே வராது" என்றாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் செம்பில் ஒரு கட்டி கடைந்து வாங்கினாள். ப்ராசஸர் மேல் ஃபேனுக்குப் பதிலாக அந்தச் செம்புக் கட்டி. அதற்குள்ளே தண்ணீர் போய் வர ரப்பர் குழாய். தண்ணீரைத் தள்ள, மீன் தொட்டியில் போடும் மோட்டார். தண்ணீர் வைக்க ஒரு பெரிய மண்பானை. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் எல்லாம் போச்சு. ஒரு சொட்டும் விழவில்லை. அவள் வேலை அப்படி.

ஆன் செய்தாள். சத்தமே இல்லை. அந்த அறை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறிச் சத்தம் முதல்முறையாக எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. சூடு எவ்வளவு என்று திரையின் மூலையில் ஓர் எண் ஓடும். ஃபேன் இருந்தபோது இருந்ததைவிட அது நன்றாகக் குறைந்திருந்தது. ஆபா அந்த எண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். சாயங்காலம் பாய் எழுந்து வாசல் அறைக்கு வந்து, நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

மறுநாள் மிஷின் நின்றது.

அப்போது மாமி வீட்டுக் கல்யாணச் சேலை வேலை நடந்துகொண்டிருந்தது. முந்தானை நிறைய கருடசேவைக் குடைகள். குடைக்குக் குடை குஞ்சலம், குஞ்சலத்துக்குக் குஞ்சலம் நிழல். எங்களிடம் வந்ததிலேயே பெரிய டிசைன். பாதி நிரம்பும்போது திரை அப்படியே உறைந்தது. மறுபடி ஆன் செய்தோம். மறுபடி கொஞ்ச நேரத்தில் உறைந்தது. இன்னொரு முறை திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதேதோ வந்து நின்றது.

"சூடா?" என்றேன்.

"எங்க சூடு? பாரு, முன்னவிட ஜில்லுனு இருக்குது. இன்னும் நல்லால்ல ஓடணும்?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அதுதான் தொல்லையாகப் போனது. சூடு இல்லை என்று எண் சொல்கிறது. அதனால் சூட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தேட ஆரம்பித்தாள்.

மெமரியைக் கழற்றி வேறு போட்டாள். நின்றது. கரண்ட் தரும் பெட்டியை மாற்றினாள். நின்றது. வைரஸாக இருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினாள். அதற்கும் நின்றது. கம்பெனி வேகத்துக்கே இறக்கிப் பார்த்தாள். அப்போது நிற்காமல் ஓடியது.

"அப்ப இப்டியே ஓட்டலாமே ஆபா. மெதுவாத்தான ஆகும்? ஆவட்டும்."

"முன்ன அந்த வேகத்துல ஓடுச்சில்ல? ஃபேன மாத்தின ஒண்ணத் தவிர வேற எதையும் மாத்தலியே நானு? அப்ப ஏன் ஓடல?"

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். காலையில் கம்பெனி வேகத்தில் நான் வேலை செய்வேன். மத்தியானம் அவள் வேகத்தை ஏற்றிவிட்டுக் காரணம் தேடுவாள். மாமி வந்து எட்டிப் பார்ப்பார். "குடை ஆச்சாம்மா ஆபா? முகூர்த்தம் நெருங்கிண்டே வரதே." ஆபா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆயிடும் மாமி" என்பாள். அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. சாப்பாட்டை மறந்தாள். மகள் தலையைப் பின்னிக்கொள்ள என் வீட்டுக்கு வந்தது. பாய் உள்ளே படுத்திருப்பார், இவள் வெளியே பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு அறையிலும் எதுவும் நகரவில்லை.

பெட்டியைத் திறந்து வைத்துப் பார்க்கும்போது மிஷின் ஒழுங்காக ஓடும். மூடினால் நிற்கும். மூடும்போது ஏதோ ஒயர் நசுங்குகிறது என்று ஒயர் ஒயராகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. யூ.பி.எஸ். இருந்ததால் கம்ப்யூட்டர் ஓடியது, தலைக்கு மேலே சீலிங் ஃபேன்தான் நின்றது. பெட்டி திறந்துதான் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் திரை உறைந்தது. நான் கரண்டைத் திட்டினேன். ஆபா திட்டவில்லை. அண்ணாந்து சீலிங் ஃபேனைப் பார்த்தாள். அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். கரண்ட் வந்ததும் மிஷினை ஓடவிட்டு, சீலிங் ஃபேனை அவளே நிறுத்தினாள். வேர்த்து ஊற்றிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். உறைந்தது. போட்டுவிட்டுப் பார்த்தாள். ஓடியது.

"காத்து" என்றாள். "காத்துதான். ஆனா எதுக்கு?" ப்ராசஸர் குளிர்ந்துதான் இருந்தது. அவள் பெட்டிக்குள் கைவிட்டு ஒவ்வோர் இடமாக விரல் வைத்துப் பார்த்தாள். ப்ராசஸருக்குப் பக்கத்தில் வரிசையாகக் கறுப்பாகச் சின்னச் சின்னதாக இருந்தவற்றில் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனி சிவந்துவிட்டது. ப்ராசஸருக்குக் கரண்டைச் சீராக்கித் தருபவை அவைதான்.

அங்கே கிடந்த பழைய டிசைன் அட்டை ஒன்றை எடுத்து என்னிடம் தந்தாள். "இதுங்க மேல மட்டும் வீசுமா. நான் சொல்றப்போ நிறுத்து." சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டாள். நான் வீசினேன். குடைகள் ஒன்றொன்றாகத் திரையில் நிரம்பின. கை கடுத்தது. "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். கொஞ்ச நேரம்தான், ஒரு குடை பாதியில் நின்றது.

"பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பழைய ஃபேன் ப்ராசஸர் மேல் அடித்த காற்று சுற்றிலும் சிதறி, இவற்றையும் குளிர வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் வந்ததும் ப்ராசஸர் குளிர்ந்தது, இவை கொதித்தன. இவற்றின் சூட்டைக் காட்ட எந்த எண்ணும் திரையில் இல்லை.

சத்தம் கேட்டு பாய் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நின்றார். ஆபா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் கேட்டது ஒன்றுதான். "இனிமே சத்தம் வருமா?"

"வராது. பெரிய ஃபேனா ஒண்ணு, மெதுவா சுத்துற மாதிரி, இதுங்க பக்கமா கட்டிடுறேன். வரவே வராது."

அப்படியே கட்டினாள். சத்தம் வரவில்லை. மிஷின் பழைய வேகத்தில் நிற்காமல் ஓடியது. மாமியின் சேலை தறிக்குப் போனது. ஆபா நன்றாகச் சாப்பிட்டாள். "காரணம் தெரிஞ்சா எல்லாத்தையும் சரி பண்ணலாம்மா" என்றாள். அந்தப் பேச்சைச் சொல்லும்போது அவள் உள் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைகுடாவில் கணவர் தங்கியிருந்த இடத்துக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டாள். அவரோடு ஒரே அறையில் இருந்த ஒருவர் லீவில் ஆற்காட்டுக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாயிடம் ஒரு கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

அந்த மனிதர் முதலில் பேசத் தயங்கினார். பிறகு சொன்னார். ஒரு பெரிய கட்டடத்தின் ஏசி அறை. ஆள் உயர ஃபேன். கூட வேலை செய்த பையன் ஒருவன், வாணியம்பாடிப் பக்கம், அதற்குள்ளே இறங்கித் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். மேஸ்திரி வெளியே வந்து, எல்லாம் முடிந்தது, ஸ்விட்சைப் போடு என்று சொல்லியிருக்கிறார். பாய் போட்டிருக்கிறார். பையன் இன்னும் உள்ளேயே இருந்திருக்கிறான்.

"அவரு மேல தப்பு இல்லம்மா. விசாரணையில அப்டித்தான் சொன்னாங்க. ஆனா அந்தப் பையன் அவரு கையால சோறு துன்னவன். அவரதான் அண்ணன் அண்ணன்னு சுத்திக்கினு இருப்பான்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பாலாறு தாண்டியதும் நான்தான் பேசினேன்.

"ஆபா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. அவரா சொல்லட்டும்."

"அவரு மேல தப்பு இல்லன்னு அவருக்கு யாராச்சும் சொல்லணும்ல?"

"சொல்லியிருப்பாங்க ஆபா, விசாரணையில."

"நான் சொல்லலியே" என்றாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போனபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. உருதுதான், அந்தத் தெருவில் இத்தனை வருடம் இருந்தவளுக்குப் புரிகிற உருது. எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை. ஆபா ஒவ்வொன்றாகச் சொன்னாள். யார் எங்கே நின்றார்கள், யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் தப்பு. மிஷினை விளக்கிய அதே குரல்.

"அதனால உங்க மேல தப்பே இல்ல" என்று முடித்தாள்.

அவர் கேட்டார். "ஆற்காட்டுக்குப் போனியா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாம?"

"நீங்க சொல்லலியே. எத்தினி வாட்டி கேட்டேன்!"

"கேட்ட" என்றார். "கேட்டுக்கினே இருந்த. காத்துக்கினு இருக்கல."

அவ்வளவுதான் பேச்சு. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மாதமே ஆம்பூருக்குப் போனார். அவர் அண்ணன் அங்கே ஒரு செருப்புக் கம்பெனியில் இருந்தார், அவர் மூலமாக ஸ்டோரில் வேலை. வாரக் கடைசியில் வந்து போனார். மகளோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். ஆபா கேட்பதற்கு மட்டும் ஓரிரு வார்த்தையில் பதில்.

பெரிய கடைகள் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டதும் எங்கள் வேலை குறைந்தது. நான் வேறு இடத்துக்குப் போனேன். ஆபா வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். வழியில் பார்த்தால் பேசிக்கொள்வோம். ஒருதடவை என்னிடம், "அந்தப் பெரியவரு ஏன் பேசலன்னு இப்போ கொஞ்சம் புரியுதுமா" என்றாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் பெரியவளின் மஞ்சள் நீராட்டுக்கு அழைக்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டு, மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது ஆம்பூரிலிருந்து பாய் வந்தார். வாசல்படி ஏறும்போதே காலை இழுத்து இழுத்து வைத்தார். வலது கால் கட்டைவிரலில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். அதில் ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது.

ஆபா பார்த்தாள். வாய் திறந்தது. எனக்கு அடுத்து என்ன கேள்வி வரும் என்று தெரியும். ஆனால் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, "டீ போடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு உள்ளறைத் திரைச்சீலையைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாத்திரம் எடுக்கும் சத்தம்கூட இல்லை. அவள் அங்கே சும்மா நின்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் எழுந்து புறப்படலாமா என்று நினைத்தேன், எழ முடியவில்லை.

அவர் காலைக் குனிந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல கல்லு ஒண்ணு" என்றார், திரைச்சீலையைப் பார்த்து, கொஞ்சம் உரக்க. "கவனிக்கல. இடிச்சுக்கினேன்."

சற்று நேரம் கழித்து உள்ளே அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.